ஃபூஷுன் சமையலறையில் ஓடிய படம்

பெய்ஜிங்கின் கிழக்கு ஓரத்தில், ஓவியர்கள் வாடகைக்கு இருக்கும் கிராமத்தில், திரையிடலின் நடுவே யாரோ மின்சாரத்தைத் துண்டித்ததும், மின்யுவே எடுத்த படம் நிற்காமல் ஃபூஷுன் நகரத்துக்குப் போய், சுரங்க உணவகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குவான் அம்மாளின் சமையலறைச் சுவரில் மீதியை ஓட்டியது. அனுமதியில்லாத படங்களை நிறுத்த போலீஸ் மின்சாரத்தை வெட்டுவது அங்கே புதிதில்லை. அதற்குப் பயந்துதான் திரையிடும் இடத்தைக் கடைசி நேரத்தில் ஃபோனில் சொல்வார்கள். படம் ஊர் மாறிப் போனதுதான் புதிது.

படத்தில் இருந்தது குவான் அம்மாளின் மகள் பெய்வென்னும், அவளோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்தும் தாவ் யிங்கும். மின்யுவே கேமராவை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள், எதையும் வெட்டவும் மாட்டாள் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அதனால் இருவரும் ஜியாவ்சிக் கொழுக்கட்டை பிடிப்பதும், ஒருத்தி கன்னத்து மாவை மற்றவள் துடைப்பதும் அப்படியே பதிவாகியிருந்தன. பெய்வென் சிரித்துக்கொண்டே பேசியதும்தான்: "எங்க சிநேகிதன் ஜுன்ஷெங்கப் புருஷன்னு வருஷப்பிறப்புக்கு மட்டும் ஊருக்குக் கூட்டிட்டுப் போவேன். அவனுக்கும் ஆம்பளைங்களத்தான் பிடிக்கும், அவன் வீட்டுக்கு நான் மருமக. அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிரையே விட்டுடுவா." முகத்தை மறைக்க வேண்டாம், என் ஊர்ப் பக்கம் மட்டும் காட்டாதே என்று அவள் கேட்டிருந்தாள். மின்யுவே சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். படம்தான் காப்பாற்றவில்லை.

அம்மா ஃபோனில் சொன்னது இவ்வளவுதான்: "சமையக்கட்டுச் சுவத்துல என்னமோ தெரியுதுடி. வர்றப்ப பாரு." பெய்வென் உடனே மின்யுவேயிடம் ஓடினாள். மின்யுவே கம்ப்யூட்டரிலிருந்து படத்தையே அழித்துப் பார்த்தாள். ஃபூஷுனில் அது பாட்டுக்கு ஓடியது. சாப்பாடு இறங்காமல் பெய்வென் இளைத்துப் போனாள். அம்மாவுக்கு ஏற்கெனவே இதய நோய். வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போகும் ரயிலில் ஜுன்ஷெங்கும் அவளும் வழக்கம்போல் கணவன் மனைவியாகப் பேசிப் பழகினார்கள்.

குவான் அம்மாள் சுவரில் பெரிய வருடப்பிறப்பு மீன் படத்தை ஒட்டியிருந்தாள். மீனின் மேலும் படம் ஓடியது. அவள் திரும்பிப் பார்க்காமல் முட்டைக்கோஸ் நறுக்கினாள். ஜுன்ஷெங், "எப்படி இருக்கீங்கம்மா" என்று ஆரம்பிக்கும்போது, சுவரிலிருந்த பெய்வென், "தெரிஞ்சா உயிரையே விட்டுடுவா" என்றாள். கத்தி நின்றது. வாசலில் நின்ற பெய்வென் பையைக் கீழே வைத்தாள்.

"எங்க விட்டேன்? தெரிஞ்சு ஒரு மாசமாச்சு. இருக்கேன்ல" என்றாள் குவான் அம்மாள்.

பிறகு ஜுன்ஷெங்கைப் பார்த்து, "சாயங்காலம் ஒரு ரயில் இருக்கு தம்பி. உங்க அம்மா வருஷா வருஷம் தனியாத்தான் சாப்பிடுறாளா? கிளம்பு" என்றாள்.

மகளின் சாப்பாட்டுத் தட்டை மேசையில் டொக்கென்று வைத்தாள். இத்தனை வருடம் தன்னிடம் நடித்தாளே என்ற கோபம் அவளுக்கு அடங்கவே இல்லை. பாத்திரம் கழுவும்போதுதான் சுவரைக் காட்டினாள்.

"மாவு தேய்க்கிறாளே, அவளுக்கு வேலையே தெரியல. ஓரமெல்லாம் தடிமன். அடுத்த வருஷம் கூட்டிட்டு வா, சொல்லித் தரேன்." பெய்வென் அழுதாள். அம்மா அதைக் கவனிக்காதது போல், "ரெண்டு பேரும் வினிகரே தொட்டுக்காம எப்படித்தான் திங்கிறீங்களோ" என்று ஒரு கிண்ணத்தில் வினிகர் ஊற்றிச் சுவரடியில் வைத்தாள்.

காலையில் கிண்ணம் காலியாக இருந்தது. தாவ் யிங் வந்து போக ஆரம்பித்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. படம் இன்னும் ஓடுகிறது. குவான் அம்மாள் கடைக்குப் போனால் ஒரு புட்டி வினிகர் கூடுதலாக வாங்கி வருகிறாள்.