எரிந்த கட்சி, எரியாத கட்சி

மலாயாவில், பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடம் மாசி மாதம் எரிந்து போனது. அதற்கு முந்தின வாரம்தான் காமன் பண்டிகை. பண்டிகையில் நடந்த லாவணிப் பாட்டுப் போட்டியில் பால்மரம் சீவும் பரஞ்சோதி பாடிய ஒரு வரியை எவனோ புண்ணியவான் போலீசுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

"கண்ணைத் திறந்தேன், கரியாக்கினேன், சாம்பல் கிடக்கு, வந்து அள்ளிக்கோ."

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் இது போதாதா? கம்யூனிஸ்டு ஆள் என்று முடிவு கட்டினால் தூக்கு, கருணை காட்டினால் நாடு கடத்தல். பரஞ்சோதியைக் கை கட்டி ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு, வரிக்குப் பொருள் சொல்லத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி குழந்தைவேலுவைக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி கொடுத்தும் அவர் அதன் நுனியில்தான் உட்கார்ந்தார். சாட்சியாக ஸ்டேஷனுக்குப் போனவனே வீடு திரும்பாத காலம் அது.

"எரித்தேன் என்று இவனே சொல்கிறானே?" என்றார் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர்.

"அந்த 'நான்' இவன் இல்லை துரை, சிவன்" என்று குழந்தைவேலு இங்கிலீசில் விளக்கினார். மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் பார்த்த கதை அது. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி பாடும், எரியவில்லை என்று மறு கட்சி மறுக்கும். எரிந்த கட்சிக்காரன் சிவனாகவே நின்று பாட வேண்டும். 'அள்ளிக்கோ' என்று முடிப்பது எதிராளிக்கு ரோஷம் வரவழைக்க.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "வெறும் கட்சிதானே? அப்படியானால் எரியவில்லை என்று மாற்றிப் பாடட்டும். விட்டுவிடுகிறேன்."

குழந்தைவேலுவுக்கு மூச்சு வந்தது. அவர் தமிழில் சொன்னதைக் கேட்ட பரஞ்சோதியோ மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"அது மட்டும் ஆகாதுங்க கிராணி. லாவணி வாத்தியார் முன்னால சூடம் அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன் லா. எதிர்க்கட்சிப் பாட்டு என் வாயில வராது."

"உசுரு போயிரும்டா."

"தெரியுதுங்க. பயமாத்தான் இருக்கு. ஆனா கட்சி மாற மாட்டேன்."

படுபாவி, இந்த நேரத்திலா வீம்பு! இதை அப்படியே மொழிபெயர்த்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலத்தான் ஆகும். கிராணி உத்தியோகத்துக்கு ஒவ்வாத ஒரு பாட்டு ஆசை குழந்தைவேலுவுக்கு உண்டு. பண்டிகையில் பரஞ்சோதிக்கு எதிரே உட்கார்ந்து எரியாத கட்சி பாடியவர் அவரேதான். வேறு வழி தோன்றாமல் மேசையைத் தட்டிக்கொண்டு பாடினார்.

"எரியலை அய்யா, மறைஞ்சிருக்கான், ரதிக்கு மட்டும் தெரிஞ்சிருக்கான்."

எதிர்க்கட்சி பாடினால் பதில் பாடாமல் இருப்பது தோல்வி. எங்கே இருக்கிறோம் என்பதையும் மறந்து பரஞ்சோதி, "கண்ணைத் திறந்தேன்" என்று எடுத்துவிட்டான். இருவரையும் மாறி மாறிப் பார்த்த இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். போட்டிதான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பரஞ்சோதியை அவிழ்த்துவிடச் சொன்னார்.

குழந்தைவேலு கும்பிட்டு எழுந்தார்.

"நீ உட்கார். உன் பாட்டுக்கு என்ன பொருள்?"

அவர் சொன்னார். பொய் சொல்லத் தைரியமில்லை.

"ஒருவன் மறைந்திருக்கிறான். ஒரு பெண்ணுக்கு மட்டும் இடம் தெரியும். அப்படித்தானே?" இன்ஸ்பெக்டர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "எந்தக் காட்டில்? சோறு கொண்டுபோகும் அந்தப் பெண் யார்?"

"மன்மதன் துரை, கதையில்..."

"உன் பாட்டுக்கு நீயே பொருள் சொன்னால் நான் எப்படி நம்புவது?"

போகலாம் என்று சொல்லியும் பரஞ்சோதி வாசலிலேயே நின்றான். கிராணிக்காகச் சத்தியம் பண்ணிச் சாட்சி சொல்ல அவன் தயார். ஆனால் அவன் சொல்வதை இங்கிலீசில் எடுத்துச் சொல்லக் குழந்தைவேலுவை விட்டால் அங்கே ஆளில்லை.