ரோசி படுத்த வாசல்

போலீஸ் வேலை கிடைத்தவன் எவனாவது தானாகப் போய், எனக்கு நாயைக் கொடுங்கள் என்று கேட்பானா? காளியப்பன் கேட்டான். சேலத்தில் இரண்டு வருஷம் காக்கி போட்டு நின்ற பிறகு, மோப்ப நாய்ப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று அதிகாரி கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் ஒருத்தன் முன்னால் போய் நின்றான். நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைனில் பிறந்து, அம்மா காப்பிப் பழம் பறித்த கூலியில் ஆளானவன். பையன் பிழைத்துக்கொண்டான் என்று லைனே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இந்தக் கூத்து.

விஷயம் காதில் விழுந்ததும் அம்மா சென்னம்மாள் ஆடித் தீர்த்துவிட்டாள். நாயைக் குளிப்பாட்டவும் நாய்க்குச் சோறு வைக்கவுமா புருஷன் போன பிறகு உன்னைத் தூக்கிச் சுமந்தேன் என்றாள். மஞ்சக்குட்டையில் பெண் கேட்கப் போன இடத்தில், மாப்பிள்ளை போலீஸில் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அதையும் சொல்லிக் காட்டினாள். காளியப்பனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான். ரோசி என்ற அந்தக் கறுப்பு டாபர்மேன் இவன் கையால் வைத்தால்தான் சாப்பிடும். மனுஷன் பொய் சொல்வான், நாய் சொல்லாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் இன்ஸ்பெக்டர் வேலுசாமி ஒரு ஆசையைக் காட்டிவிட்டார். குற்றப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஆட்களை விசாரிக்கக் கற்றுக்கொண்டால் நீ மேலே வரலாம், திங்கட்கிழமை முடிவைச் சொல் என்றார். சென்னம்மாளுக்கு இது தெரிந்தபோது சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளாத குறை. காளியப்பனுக்கோ இரண்டு பக்கமும் மனசு இழுத்தது.

அப்போது பார்த்து எஸ்டேட் களத்தில் காய வைத்திருந்த காப்பியில் நாலு மூட்டை காணாமல் போயிற்று. களத்து வேலியோரம் ஒரு அழுக்குத் துண்டு கிடந்தது. ரோசியைக் கூட்டிக்கொண்டு போ என்று உத்தரவு. அதுதான் அவனுடைய முதல் கேஸ், அதுவும் பிறந்த லைனிலேயே. இன்று ரோசி பிடித்துக் கொடுத்தால் நாயோடேயே இருந்துவிடுவது, இல்லாவிட்டால் கயிற்றை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவது என்று இன்ஸ்பெக்டரோடு ஜீப்பில் வரும்போதே முடிவு செய்துகொண்டான்.

ஒன்றுதான் உறுத்தியது. முந்தின நாள் நாகலூர் பஸ் கண்டக்டரிடம் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள், நீ வராதே, வேறு ஆளை அனுப்பச் சொல் என்று. மகனைப் பார்க்க எப்போதும் ஏங்குகிறவள் எதற்காக வராதே என்கிறாள்?

லைனில் போய் இறங்கியபோது அந்த உறுத்தல் இன்னும் பெரிதாயிற்று. வேலைக்குப் போகக்கூடாது என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் உத்தரவு போட்டிருந்ததால் எல்லாரும் அவரவர் வாசலில் நின்றார்கள். கண்ணு, சாமி என்று கூப்பிட்டு வளர்த்த வாய் ஒன்றுகூட அசையவில்லை. பெண்கள் நாயின் காலையே பார்த்தார்கள். இவன் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தனை பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று அவனுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசி வீட்டு வாசலில் சென்னம்மாள் நின்றாள். அவளும் கிட்டே வரவில்லை.

களத்தில் துண்டை மோந்த ரோசி, கயிறு விறைக்க இழுத்துக்கொண்டு புறப்பட்டது. வேலியைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கி, லைனுக்குப் பின்னால் வண்டிப்பாதை பிரிகிற இடம் வரைக்கும் தலை தூக்காமல் போயிற்று. அங்கே அது பாதைப் பக்கம் திரும்பப் பார்த்தது. ரைட்டர் முன்னால் போய் நின்று, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, திருடன் லைனுக்குள்தான் இருக்கிறான் என்று கை காட்டினார். காளியப்பனுக்கும் அப்படியே தோன்றியது, அத்தனை முகங்களைப் பார்த்துவிட்டு வந்தவன் அல்லவா. கயிற்றைச் சுண்டி நாயை லைனுக்குள் இழுத்தான்.

முதல் வாசலில் தும்மியது. இரண்டாவது வாசலில் தலையை உதறிற்று. அப்புறம் முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து, திடீரென்று ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு ஓடியது. சென்னம்மாளின் வாசற்படியில் போய்ப் பொத்தென்று படுத்துவிட்டது.

யாருக்கும் மூச்சு வரவில்லை. ரைட்டருக்கு மட்டும் வாய் வந்தது. நாய் காட்டிக் கொடுத்துவிட்டதே, இனி என்ன பேச்சு என்றார். இன்ஸ்பெக்டர் காளியப்பனைப் பார்த்தார். உன் நாய் சொல்வது சரியா என்று அந்தப் பார்வை கேட்டது.

நாய் பொய் சொல்லாது. அப்படியானால்? அம்மா கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியது காளியப்பனுக்கு நினைவுக்கு வந்தது. கிட்டே வராமல் நின்றது நினைவுக்கு வந்தது. போன மாதம், உன் கல்யாணச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதுகூட இப்போது வேறு மாதிரிக் கேட்டது. சந்தேகம் வந்துவிட்டால் மனசு எங்கே நிற்கிறது? பெற்றவளை ஒரு முழு நிமிஷம் களவாணியாகவே பார்த்தான். பிறகு எல்லார் காதிலும் விழ, வாய் கூசாமல் கேட்டான்.

"அம்மா, மூட்டைய நீ எடுத்தியா?"

சென்னம்மாள் அவனையே பார்த்தாள். கதவை அகலமாகத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

வாசற்படிக்கு உட்புறம் ஒரு வாயகன்ற சட்டியில் தண்ணீரும், பக்கத்தில் எலும்பு போட்டு வேக வைத்த சோறும் இருந்தன. ரோசி தண்ணீரில் மூக்கை முக்கி முக்கிக் குடித்தது. காளியப்பன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண்ணில் பட்டது மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த மூட்டைதான். தண்ணீர் குடித்த ரோசி வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது, அந்த மூட்டையை ஏறிட்டும் பார்க்காமல் திரும்பி வந்து சட்டியருகே படுத்துக்கொண்டது. இவன் விடவில்லை. முடிச்சை அவிழ்த்து, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினான். கேழ்வரகு. கையை வெளியே எடுத்தபோது முழங்கை வரை கேழ்வரகு ஒட்டியிருந்தது. அதை உதறக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வீட்டு மாதம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சென்னம்மாளோடு இருபது வருஷம் ஒரே நிரையில் காப்பி பறித்தவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, நாய்க்கு மூக்குக் கெட்டுப் போச்சுங்க. எல்லாரு வாசல்லயும் மொளகாப்பொடி தூவியிருக்குது, நாங்கதான் தூவுனோம். சென்னம்மா ஊட்டு வாசல்ல மட்டுந்தானுங்க இல்ல."

எதற்காகத் தூவினீர்கள், யாரைக் காப்பாற்ற என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"எங்களத்தானுங்க. காப்பிக் களவுக்கு நாய் வந்தா காப்பி வாசனயத்தான் புடிக்கும்னாங்க. எங்க கையில, சீலைல, பாயில எல்லாம் அந்த வாசனதானுங்க. எங்களுக்குள்ள யாரப் புடிக்கும்னு எப்படீங்க தெரியும்?"

ரோசிக்கு மோக்கக் கொடுத்தது துண்டைத்தானே தவிரக் காப்பியை அல்ல என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் காளியப்பன்தான். அவன் பக்கத்து வாசலில் குனிந்து மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தான். சுரீரென்றது. குற்றவாளி முகம் என்று நினைத்த அத்தனையும் வெறும் பயம். சென்னம்மாளிடமும் பொடியை நீட்டியிருக்கிறார்கள். வருவது என் மகன், அவனுக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று தட்டிவிட்டாளாம். லைனில் ஒருத்தனை இவன் கையால் பிடித்துக் கொடுத்தால் அப்புறம் இங்கே எந்த முகத்தோடு இருப்பது என்றுதான் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதையும் மாதம்மாள்தான் சொன்னாள்.

ரோசியின் மூக்கைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, நிழலில் கட்டினார்கள். சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு துண்டை மறுபடி காட்டி, லைனுக்குள் கால் வைக்காமல், வண்டிப்பாதை பிரிகிற அந்த இடத்திலிருந்தே விட்டான் காளியப்பன். இந்தத் தடவை கயிற்றைச் சுண்டவில்லை, நாய் போன வழியே போனான். அது நேரே எஸ்டேட் லாரி ஷெட்டுக்குப் போய், தார்ப்பாயைப் பல்லால் பிடித்து இழுத்தது. கீழே நாலு மூட்டை. துண்டு லாரி டிரைவருடையது. டிரைவர் ரைட்டரின் மச்சான். காலையில் அத்தனை வாய் பேசிய ரைட்டர் முகத்தில் ஈயாடவில்லை.

இன்ஸ்பெக்டர் தட்டிக் கொடுத்தார். நாயும் பலே, நீயும் பலே, திங்கட்கிழமை வரைக்கும் எதற்கு, குற்றப் பிரிவுக்கு வருகிறாயா இல்லையா என்று இப்போதே சொல்லிவிடு என்றார். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று காளியப்பன் லைனுக்கு ஓடினான்.

சென்னம்மாள் வாசலில் உட்கார்ந்து நாய் தண்ணீர் குடித்த சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நின்று, தப்பு என்னுடையதுதான், நாயை நம்பித்தான் கேட்டுவிட்டேன் என்று முணுமுணுத்தான். அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாய எதுக்கு இழுக்கற? அது தண்ணிக்கு வந்துச்சு, குடிச்சுட்டுப் படுத்துக்கிச்சு. மூட்டைக்குள்ள கைய உட்டது நீதான்."

குற்றப் பிரிவுக்கு முடிவு கேட்கிறார்கள், நீ ஆசைப்பட்டாயே, போகட்டுமா என்று கேட்டான். அவளுக்காகவாவது போகலாம் என்றுதான் நினைத்து வந்திருந்தான்.

"வேண்டாஞ்சாமி," என்றாள் சென்னம்மாள். "நீ நாயோடவே இரு. மனுசரப் பாக்கற வேல உனக்கு வராது."

சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கீழே ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள். காளியப்பன் இறங்கிப் போய், ரோசியின் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.