புழுவெட்டு

தாராவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஷாமினியின் கை இடது விலாவுக்குக் கீழே நின்றது. அங்கே கல் மாதிரி ஒரு கட்டி.

"பிள்ளைக்கு ஏன் மொட்டை?"

தாராவின் அப்பா ஜெயந்திரனுக்கு எரிச்சல் வந்தது. ஏழு வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் வாந்தி எடுக்கிறாள்; இந்தம்மாவுக்குத் தலையைப் பற்றித்தான் கவலை.

"வேண்டுதல், டாக்டர். வயித்து வலி நிக்கணும்னு பத்துமலை முருகன் கோயில்ல அடிச்சோம்."

"அதுக்கு முந்தி எங்கயாவது முடி கொட்டியிருந்துச்சா?"

கொட்டியிருந்தது. காதுக்கு மேலே, ஐம்பது காசு அகலத்துக்கு. அவன் அக்கா புஷ்பவல்லிதான் முதலில் பார்த்தாள். "புழுவெட்டுலா தம்பி. சின்ன வெங்காயம் தேய்ச்சா சரியாயிடும்" என்றாள். சரியாகவில்லை. "மொட்டை போட்டுட்டா தலையும் தீரும், வயிறும் தீரும்" என்றாள். மனைவி ஜனகா செத்துப்போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. யார் எதைச் சொன்னாலும் அவன் தலையாட்டிக்கொண்டிருந்த காலம். மேருவில் ஃபேக்டரி வேலை விட்டால் கிள்ளானில் வீடு, வீடு வந்தால் தூக்கம்.

அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டர் தலையை அசைத்தார். "புழுவெட்டு இல்ல. அவளே பிடுங்கி முழுங்கியிருக்கா. முடி செரிக்காது, உள்ளயே உருண்டையா சேர்ந்துடும். அந்த வழுக்கைய பார்த்திருந்தா எந்த டாக்டரும் அப்பவே சந்தேகப்பட்டிருப்பாங்க. நீங்க அதையும் சேர்த்துச் சிரைச்சிட்டீங்க."

ஸ்கேனும் அதையே சொன்னது. குழாய் விட்டு எடுக்கிற அளவில் இல்லை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் தட்டைக் காட்டினார். இரைப்பையை அச்சில் வார்த்த மாதிரி, கறுப்பாக, நாற்றத்தோடு கிடந்தது. மேலேயிருந்து ஒரு முடியை இடுக்கியால் உருவினார். முழ நீளம் வந்தது.

"தாராவுக்கு இவ்வளவு முடி இருந்துச்சா?"

"தோள் வரைக்கும்தான்."

சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஜனகா தன் உதிர்ந்த முடியையெல்லாம் வருடக்கணக்காகச் சேர்த்து ஒரு சவுரி கட்டி வைத்திருந்தாள். அவள் போன பிறகு அந்த அலமாரியை அவன் திறக்கவே இல்லை. பிள்ளை திறந்திருக்கிறாள். அவள் தலையில் பிடுங்க எதையும் மிச்சம் வைக்கவில்லை அப்பனும் அத்தையும்; அம்மா முடிக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். சேலைகளுக்கு நடுவே சவுரி கட்டிய கறுப்புக் கயிறு மட்டும் இருந்தது.

புஷ்பவல்லி போன் செய்தாள். "பார்த்தியா தம்பி, முருகன் கைவிடல. பிள்ளை எழுந்ததும் இன்னொரு மொட்டை போட்டுடலாம்."

"உன் தலைக்குப் போட்டுக்கோ அக்கா" என்று வைத்துவிட்டான்.

மறுபடி முடி வளரும், கையும் மறுபடி போகும், மனநல டாக்டரிடம் காட்டுங்கள், கண்ணை எடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வார்டில் தாரா விழித்திருந்தாள். விரல்கள் தலையைத் தடவிக்கொண்டிருந்தன.

"அப்பா, முடி வளருதா?"

"வளருது."

சிரித்தாள். அவன் அந்தக் கையை எட்டிப் பிடித்தான்.

"விடுங்கப்பா, வலிக்குது" என்றாள்.