நகர்ந்துபோன மேடு

மலைநாட்டுப் பூனாகலையிலிருந்து கிழக்குக் கரைக்கு மூன்று பஸ் மாற வேண்டும். வழியெல்லாம் பையை மடியிலேயே வைத்திருந்தேன். பைக்குள் ஒரு சீமெந்துக் கல். அதில் என் கணவர் இராசையாவின் பெயர். ஐந்து வருடம் கழித்து அவர் தலைமாட்டில் நட வந்திருக்கிறேன்.

இராணுவம் விட்டுப்போன கோட்டையின் மதிலைப் பழுதுபார்க்க வந்தவர் அவர். ஊரடங்கு நேரத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். உடலை மலைக்குக் கொண்டுபோக வழியில்லை. காய்கறி லொறியில் நான்தான் இறங்கி வந்தேன். கோட்டைக்குப் பின்னால் மீனவர்கள் காட்டிய இடத்தில், இரண்டாள் உயர மணல் மேட்டின் அடியில் புதைத்தோம்.

"அடையாளத்துக்கு ஒரு கல்லு வைங்க" என்றார்கள்.

"அதான் மேடு இருக்கே" என்றேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான். எந்த மலை, எத்தனையாவது நிரை என்று சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்போம். மலை எங்கே போய்விடப் போகிறது?

இப்போது கோட்டை ஆளே மாறிப்போயிருந்தது. முள்வேலியைக் காணோம். வாசலில் புல்தரை, ஊஞ்சல், ஐஸ்கிரீம் வண்டி. பின்பக்கம் ஓடினேன். மேடு இல்லை. தட்டையாக மணல், அப்புறம் கடல்.

காவலாளி றில்வான் முன்பு பதுளைக் கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருந்தவராம். என் பேச்சைக் கேட்டதுமே மலைநாடு என்று கண்டுகொண்டார்.

"மேட்டையா அடையாளம் வச்சீங்க?" என்றார். "இங்க மண்ணு நிக்காதுங்க. ஒவ்வொரு மாரிக்கும் கடல் இங்க எடுத்து அங்க போடும்."

"அப்ப அவரு?"

அவர் அந்த மணல்வெளி முழுவதையும் கையை வீசிக் காட்டினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடல் மேல் இல்லை, என் மேல்தான். முப்பது வருடம் கொழுந்து பறித்த புத்தியை நம்பி மனிதரைத் தொலைத்துவிட்டேன். வெயில் சாயும்வரை அந்த மணலில் நடந்தேன். எங்கே கிடக்கிறாரோ, மிதித்துவிடக் கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஊஞ்சலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அங்கே என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கல்லைத் தோட்டத்தில் நட்டுவிடலாம். அங்கே எதுவும் நகராது. ஆனால் அதன் அடியில் அவர் இருக்கமாட்டார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் பையைத் தூக்கப் பார்த்தார். "கீழ வைங்கம்மா. என்ன இந்தப் பாரம்?"

"எங்க வீட்டுக்காரருங்க" என்றேன். "மடியிலயே இருக்கட்டும்."