முள் அள்ளும் தாடை

இருபத்திரண்டு வருடம் அவளுடைய வேலை பிடித்துக்கொள்வது. கணவர் வெல்டிங் செய்வார். அவள் இரும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, முகத்தை இடப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். “பிடி, கண்ணை மூடிக்கோ” என்பார். பொறி பறக்கும் சத்தம் நின்றதும் “ஆச்சு” என்பார். அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அவர் பாதியில் விட்டுப்போன தாடை மட்டும் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது.

டிராக்டரின் முன்பக்க லோடரில் மாட்டுவதற்கான தாடை அது. வெறும் பக்கெட்டால் முள்புதரைத் தள்ளலாம். தூக்கினால் பாதி வழியில் உருண்டு விழுந்துவிடும். கீழே ஐந்து பல், மேலே மூன்று பல் வைத்து, மேல் பல்லை ஹைட்ராலிக் சிலிண்டர் அழுத்திப் பிடித்தால் ஒரு புதரையே கவ்விக்கொண்டு போகலாம். கீழ்த் தாடையை அவர் முடித்திருந்தார். மேல் பல் மூன்றையும் வெட்டி, சுண்ணக்கட்டியால் எண் போட்டு வைத்திருந்தார்.

முள் இப்போது குளியலறைச் சுவர் வரை வந்துவிட்டது. போன மாதம் உள்ளே ஒரு பாம்பு. அதைப் போனில் வாய் தவறிச் சொன்னதுதான் வினையாயிற்று. மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: மாத முடிவுக்குள் முள் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா தன்னிடம் வந்துவிட வேண்டும். மகளின் வீடு நல்ல வீடு. மூன்றாவது மாடி. அங்கே தனக்கு ஒரு கட்டில் இருக்கும், ஒரு வேலை இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் கணவரின் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பத்து நாள் பழைய தகட்டுத் துண்டுகளில் பழகினாள். பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் கிளாம்ப் மாட்டினாள், செங்கல் முட்டுக் கொடுத்தாள், ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியைக்கூடத் தூக்கிவைத்தாள். தொடங்குமுன் கைகூப்பி, “நீதான் பிடிச்சுக்கணும்” என்று கடவுளிடம் சொல்வாள். மூன்று பல்லும் நின்றன. டிராக்டரில் மாட்டி முதல் புதரைக் கவ்வியதும் இரண்டாம் பல் பட்டென்று ஒடிந்து விழுந்தது. மறுபடி வைத்தாள். இந்தத் தடவை முதல் பல் போயிற்று.

ஒடிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். வெல்டிங் மூட்டின் மேல் பிடிக்காமல், விரலளவு தள்ளித் தன் போக்கில் ஓடியிருந்தது. கை நடுங்குகிறது, வயதாகிவிட்டது என்று நினைத்தாள். அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் மருமகன் காரில் வந்தார். மாமியாரை அழைத்துவரச் சொல்லி மகள் அனுப்பியிருந்தாள். நாள் முழுக்கக் கணினி முன் உட்காரும் மனிதர். பெட்டி கட்டியாயிற்றா என்று அவர் கேட்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று தாடையையே பார்த்தார். கிளம்புமுன் ஒரே ஒரு தடவை பல்லை ஒட்டிப் பார்க்கட்டுமா என்று அவள்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் சட்டைக் கையை மடித்தார்.

“நான் என்ன செய்யணும் அத்தை?”

“வேண்டாம் மாப்பிள்ளை. சட்டையில பொத்தல் விழும். உங்க வீட்டுக்காரி என்னைத்தான் திட்டுவா.”

“என்னைத் திட்டித் திட்டி அவளுக்கும் அலுத்திருக்கும். சொல்லுங்க.”

தோல் கையுறையைக் கொடுத்தாள். “பிடிங்க. கண்ணை மூடிக்கோங்க” என்றாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது.

பொறி பறந்து நின்றது. முகமூடியைத் தூக்கினாள். மருமகன் ஏதோ யோசனையில் இருந்தார்.

“அத்தை, நான் கண்ணை மூடப்போறப்ப பார்த்தேன். வெல்டிங் ராடு இரும்பைத் தொடப்போற நேரத்துல நீங்களும் முகத்தைத் திருப்பிட்டீங்களே?”

அவள் நம்பவில்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு, சும்மா ராடைக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனாள். கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. முகமூடிக்குள் இமைகள் இறுக மூடியிருந்தன.

அவள் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. மருமகன் கையுறையைக் கழற்றாமல் அங்கேயே நின்றார்.

“கண்ணை மூடுற வேலைக்கு இப்ப நான் இருக்கேன் அத்தை. நீங்க பாருங்க.”

பார்த்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் இரும்பு உருகி, ஒரு சின்னக் குட்டையாகி, ராடு போகும் வழியெல்லாம் கூடவே வந்தது. இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். அவர் இதைத் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஆச்சு” என்றாள். அதுவரை மருமகன் பள்ளிப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

ஒருவருடைய துக்கத்தை இன்னொருவர் வாங்கிச் சுமக்க வழியில்லை. ஆனால் ஓர் இரும்புத் துண்டை அரை மணி நேரம் ஆடாமல் பிடித்துக்கொள்ளலாம். கடவுள் நம்மிடம் பல நாள் அவ்வளவுதான் கேட்கிறார்.

மதியத்துக்குள் ஒன்பது புதர் போயிற்று. ஒரு பல்லும் அசையவில்லை. குளியலறைச் சுவரின் அடிவரை வெளிச்சம் விழுந்தது. மருமகன் மனைவிக்குப் போன் செய்து, அத்தை வரவில்லை, இங்கே வேலை இருக்கிறது என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எட்டப் பிடித்தார்.

கிளம்பும்போது கையுறையைத் திருப்பித் தந்தார். “ஒடிஞ்சா கூப்பிடுங்க அத்தை. ஒடியலைன்னாலும் கூப்பிடுங்க.”

கார் போனபின் இன்னும் இரண்டு புதரை அள்ளிக் குவியலில் போட்டாள். வேலி வரை முள் மிச்சம் இருந்தது. டிராக்டரை நிறுத்தியதும் சுற்றிலும் அமைதி வந்து உட்கார்ந்தது.

“ஆச்சு” என்று சொல்லிப் பார்த்தாள். அதைக் கேட்டுக் கண் திறக்க அங்கே யாரும் இல்லை. முகமூடியை அவர் அடித்துவைத்த ஆணியில் மாட்டிவிட்டு, நாளைக்கு எந்தப் பக்கத்து முள் என்று பார்க்கப் போனாள்.