வடிவு வராததற்குக் காரணம்

என் மகள் வடிவு பள்ளிக்கூடம் போகாமல் நின்றதற்குக் காய்ச்சலும் காரணமில்லை, சோம்பலும் காரணமில்லை. அவளுடைய அப்பா அவள் கையை விடவில்லை. அவ்வளவுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லாம் குழாயடியில் ஆரம்பித்தது. பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருஷம். தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரே குழாய், அதிலும் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். அதே சந்தில் இருக்கிற தங்கசாமி என் குடத்தைக் காலால் எத்திவிட்டுத் தன் வீட்டுக் குடத்தை வைத்தான். நானும் வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. அவன் வம்சத்தையே இழுத்து வைதேன். அவன் என் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். என் வீட்டுக்காரர் சுயம்பு தோல் கம்பெனிக்குப் புறப்பட்டு நின்றவர், தோல் சீவும் கத்தியோடு ஓடி வந்தார். ஒரே போடு. தங்கசாமியின் வலது கை மணிக்கட்டில் தொங்கியது. ஆஸ்பத்திரியில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

குடம் நசுங்கினால் தட்டி எடுத்துக்கொள்ளலாம். மண்டை வீங்கினால் மஞ்சள் பற்றுப் போடலாம். கையை வெட்டச் சொல்லி நான் கேட்டேனா? ஆம்பிளைகளுக்குக் கோபம் வந்துவிட்டால் யாருக்காகக் கோபப்பட்டோம் என்பதே மறந்துபோகிறது.

போலீஸ் வந்து விசாரித்தபோது சந்தில் யாருமே எதையும் பார்த்திருக்கவில்லை. தங்கசாமியே மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டான். எங்கள் ஆட்கள் இதையெல்லாம் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்வார்கள். தீர்க்க வந்தவன் அவனுடைய அண்ணன் காசிராஜன். எங்கள் வாசலில் வந்து நிதானமாக நின்றான்.

"சுயம்பு, ஒன் உசுரு எனக்கு வேண்டாம். அந்தக் கை மட்டும் வேணும். எப்பம்னு சொல்ல மாட்டேன்."

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்தச் சந்துகளில் அடிதடிக்குப் பேர் வாங்கியவர்கள் எவனுமே மீறாத கட்டுப்பாடு ஒன்று உண்டு. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவன்மேல் ஆயுதம் வைக்கக் கூடாது. வைத்தவன் வீட்டுக்கு எவனும் பெண் கொடுக்க மாட்டான். அவன் செத்தால் தூக்கவும் ஆள் வராது.

மறுநாள் காலையில் வடிவு பையை மாட்டிக்கொண்டு நின்றாள். ஆறாம் வகுப்பு. அவர் அந்தப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் கையைப் பிடித்தார். கம்பெனிக்கு நடந்தார்.

அதற்கப்புறம் பிள்ளை அவருடைய கேடயம் ஆகிவிட்டாள். கம்பெனிக்குப் போனால் அவள், கடைக்குப் போனால் அவள், வெளிக்குப் போனால்கூட அவள் வாசலில் நிற்க வேண்டும். பகல் முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் ஈரத் தோல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டே வாந்தி எடுப்பாள். அவர் பிடித்த பிடியில் அவள் மணிக்கட்டு கன்றிச் சிவந்திருக்கும்.

ஒருநாள் சந்து திரும்பும் இடத்தில் காசிராஜனும் இரண்டு பேரும் எதிரே வந்துவிட்டார்கள். கத்தியை உருவியும் விட்டான். இவர் வடிவை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார். காசிராஜன் கத்தியை மடக்கினான், இவர் காலடியில் காறித் துப்பினான், போய்விட்டான். பிள்ளை பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். நான் அவருக்கு நேரே போய் நின்றேன்.

"பொட்டப் பிள்ளைக்குப் பொறத்தால ஒளியுதியளே, மீசை எதுக்கு ஒங்களுக்கு?" என்று கேட்டேன்.

அன்றைக்கு அவர் அடித்த அடியில் என் கடைவாய்ப் பல் ஆடிப்போயிற்று. நானும் அகப்பையால் திருப்பி அடித்தேன். வடிவு மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பிறந்ததில் தங்கியது அவள் ஒருத்திதான். எனக்கு எழுத்துத் தெரியாது. ரேஷன் கடைப் பலகையையும் பஸ்ஸின் நெற்றியையும் அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். தோல் வாடை இல்லாத ஒரு இடத்தில் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். என் ஆசை அது ஒன்றுதான். பெரிய ஆசை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

அடுத்த வீட்டு மதீனா பீவி சேதி கொண்டுவந்தாள். அவள் மகளும் அதே வகுப்பு. "டீச்சர் ஒன் மவ பேர எடுத்துருவாங்களாம். ஓடு."

ஓடினேன். முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடம். பாகிஸ்தான் சண்டையில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளை இன்னும் பாதிதான் கிழித்திருந்தார்கள். ஷ்யாமளா டீச்சர் மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் சந்து முனைவரைக்கும் கேட்கும்.

"வடிவு ஏன் வரலை?"

"காய்ச்சல், டீச்சரம்மா."

"காய்ச்சல் அவளுக்கா, உங்களுக்கா? கன்னம் இப்படி வீங்கியிருக்கே."

நான் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டேன்.

"அம்மாக்கள் சொல்ற காரணத்தை நான் எடுத்துக்கறதில்லை. இந்த ஸ்கூல்ல லீவுக்காகச் செத்துப்போன பாட்டிகளை எல்லாம் ஏத்தினா ஒரு ரயில் பத்தாது. அப்பா வரணும். கிளாஸ் முன்னாடி நின்னு சொல்லணும். பொய் சொல்றதானா குழந்தைகள் முகத்தைப் பார்த்துண்டு சொல்லட்டும்."

"அவிய வர முடியாது, டீச்சரம்மா."

"திங்கட்கிழமைக்குள்ள வரலைன்னா பேரை எடுத்துடுவேன். அது ரூல், என் இஷ்டமில்லை. ஊர்லேர்ந்து வந்து இறங்கினவா எல்லாம் சீட்டுக்காக வாசல்ல நிக்கறா. ஒருதடவை போனா மறுபடி கிடைக்கறது கஷ்டம்."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் போலீஸ் வரும், இவர் ஜெயிலுக்குப் போவார். விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அன்று ராத்திரி அவரிடம் மல்லுக்கட்டிப் பார்த்தேன். "ஒருக்கா வந்து சொல்லிட்டு, பிள்ளைய விட்டுட்டு வாங்க."

"விட்டுட்டு நான் எப்படித் திரும்பி வாரது?" என்றார். அந்தக் குரலில் இருந்த பயத்தைப் பார்த்து எனக்குப் பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. "படிச்சு என்ன கிழிக்கப்போறா? அப்பன் கை இருந்தாத்தானே சோறு?"

திங்கட்கிழமை அவர் எழுவதற்குள் வடிவுக்குத் தலைபின்னி, பையை மாட்டி, கதவை வெளியே தாழிட்டுவிட்டுக் கிளம்பினேன். பள்ளிக்கூட வாசலை நெருங்கும்போதே பின்னால் தடதடவென்று சத்தம். கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டார். மேலே சட்டை இல்லை. லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் அந்தத் தோல் கத்தி. அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, காசிராஜன். அவனுக்கு என்ன அவசரம்? தனியாக ஓடுகிற ஆளைப் பார்த்ததும் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்திருப்பான்.

நாங்கள் வகுப்பு வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவரும் வந்து வடிவின் கையைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்கியது. டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நீங்கதான் அப்பாவா? நல்லது. குழந்தை இத்தனை நாள் ஏன் வரலை? எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லுங்கோ."

பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முதல் பெஞ்சில் தங்கசாமியின் மகள் கனகவள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் இவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

இவர் வெளி வாசலில் நின்றுவிட்ட காசிராஜனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தயக்கம்? இந்தக் கனகவள்ளி ரொம்ப நாள் வரலை. அவ அப்பா கட்டுப்போட்ட கையோட வந்தார். 'எனக்குக் கை போயிடுத்து, அதனால பொண்ணு வரலை'ன்னு இதே இடத்துல நின்னு சொல்லிட்டுப் போனார். உங்களுக்கு என்ன குறைச்சல்?"

டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்வியில் இவர் பிடி ஒரு நொடி தளர்ந்தது. நான் இழுத்தேன். அவர் சுதாரித்துக்கொண்டு மறுபடி இறுக்கினார். பிள்ளை "யம்மா" என்று அலறினாள். நான் குனிந்து அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பல் ஆடியது, வலித்தது, ஆனாலும் விடவில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவர் என் மண்டையில் குத்தினார். கடைசியில் அவர் விரல்கள் விரிந்தன. வடிவு உள்ளே ஓடிவிட்டாள்.

டீச்சர் கதவைச் சாத்தினார்.

வராந்தாவில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் சுவரோரம் உட்காரப் பார்த்தார். "பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் இங்கயே இருக்கேன், இசக்கி" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

பியூன் பிரம்போடு வந்தான். "பெரிய ஆளுங்க இங்க உக்காரக் கூடாது. சலோ, பாஹர்" என்று பிரம்பால் வெளியே காட்டினான்.

நான் அவர் கையைப் பிடித்தேன், நான் கடித்த அதே கையை. "வாங்க. நான் கூட வாரேன்" என்றேன். பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு போகிறவனைக் காப்பாற்ற எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கேட்டுக்கு வெளியே காசிராஜனும் அந்த இரண்டு பேரும். "தங்கச்சி, தள்ளிக்கோ" என்றான்.

நான் தள்ளவில்லை. கீழே கிடந்த கல்லை எடுத்து அவன் நெற்றியில் எறிந்தேன். தோல் பிய்ந்து ரத்தம் வழிந்தது. இவர் கத்தியை உருவுவதற்குள் ஒருவன் இவர் முழங்காலில் கட்டையால் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் காசிராஜன்மேல் பாய்ந்து அவன் முகத்தைப் பிறாண்டினேன். இன்னொருவன் என்னைப் பிய்த்து எறிந்தபோது அவன் கத்தி என் தோளைக் கிழித்தது. சுவரோடு விழுந்தேன். எழ முடியவில்லை. இவர் கையை இழுத்து கேட்டுத் தூணின் கல்மேல் வைத்து, மேலே ஒருவன் ஏறி உட்கார்ந்தான்.

ஜன்னல் வழியாக டீச்சர் பேர் படிக்கும் குரல் கேட்டது. பேர் பேராகப் போய், "சண்முகவடிவு" என்றது.

"உள்ளேன் டீச்சர்."

அப்புறம்தான் கத்தி இறங்கியது. அவர் அலறியதில் கூரையில் இருந்த காக்காய்கள் எல்லாம் பறந்துவிட்டன. காசிராஜன் தன் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். "சரியாப் போச்சு. இனி ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் காலில் மாவுக்கட்டு, கையில் பெரிய துணிப் பொட்டலம். என் தோளில் தையல். போலீஸ் வந்து கேட்டதற்கு அவரும் மெஷினில் மாட்டிக்கொண்டதாகத்தான் சொன்னார். மூன்றாம் நாள் சோறு தின்கிற அளவுக்குத் தெளிந்தார். தட்டைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன். என்ன இருந்தாலும் எனக்காகத்தானே முதலில் கத்தியைத் தூக்கினார்.

அழுகை ஓய்ந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "ஏட்டி, வடிவு எங்க?"

"பள்ளிக்கூடத்துல."

"கொஞ்ச நாளைக்கு அவள நிறுத்திப்போடேன். பக்கத்துல இருந்து ஊட்டிவிடட்டும். நீ வேலை வெட்டியப் பாரு."

நான் ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தேன். தையல் போட்ட தோள் சுரீர் என்றது. உருண்டை பிடித்து அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனேன்.

"கம்பெனிக்கு நாளையிலேர்ந்து நான் போறேன், மேஸ்திரிகிட்டப் பேசியாச்சு. ஒங்களுக்கு நான் ஊட்டுதேன். அவளுக்குப் பரீட்சை வருது. வாயத் தொறங்க."