கப்பலில் கிடந்த ஆப்பிள் கன்றுகள்

1852 பிப்ரவரியில் 'லேடி ஐல்சா' மெல்பேர்ன் விரிகுடாவில் நங்கூரம் போட்டது. மறுநாளே அதன் மாலுமிகள் பதினெட்டுப் பேரும், உள்நாட்டில் புதிதாகக் கிடைத்திருந்த தங்கத்தைத் தோண்ட ஓடிப்போனார்கள். கப்பலின் அடித்தட்டில் எங்களுடைய அறுநூறு ஒட்டுக் கன்றுகள் இருந்தன.

மெல்பேர்னை ஒட்டி ஓடும் யாரா ஆற்றின் கரையில் நானும் என் கணவர் எபனேசர் ராங்கினும் நாற்றுப் பண்ணை வைத்திருந்தோம். காட்டு ஆப்பிளின் வேர்த்தண்டில் நல்ல ஆப்பிள் குச்சியை வைத்து, அந்தக் கன்றுகளை ஸ்காட்லாந்தில் இருந்த அவருடைய அண்ணன் தன் கையாலேயே ஒட்டுக் கட்டியிருந்தார். குளிரில் இலை உதிர்த்து அவை உறங்கும் சமயம் பார்த்துப் பிடுங்கி, ஈரப்பாசியில் சுற்றிப் பெட்டிகளில் அடைத்து அனுப்பியிருந்தார். பயணமே நூற்றுப் பத்து நாள். அதற்கு மேல் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

இறக்க ஆள் இல்லை. எங்கள் பண்ணையில் இருந்த இருவரும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். "முதலாளி, முட்டைக்கோஸ் புடுங்குற கைக்குத் தங்கம் புடுங்கத் தெரியாதா என்ன?" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். படகுக்காரர்களும் இல்லை. ஒரு பழைய தோணியை இரவல் வாங்கி நாங்களே துடுப்பு போட்டுப் போனோம்.

கப்பலில் காப்டன் பாஸ்கோவும் சமையல்காரனும் மட்டும் இருந்தார்கள். சரக்கறையின் மூடியைத் திறந்து காட்டினார் காப்டன்.

"நல்லா பாருய்யா. மேல செங்கல்லு. அதுக்குக் கீழ இரும்பு. உன் பெட்டி அதுக்கும் கீழ."

"நான் தூக்குறேன்" என்றார் எபனேசர்.

"நீயும் உன் சம்சாரமுமா? கிறிஸ்துமஸுக்குள்ள பாதி தூக்கிடுவீங்க."

"கொஞ்சம் தண்ணியாவது தெளிக்கலாமா?"

"எங்கேன்னு தெளிப்பே?"

எபனேசர் அப்படியே மண்டியிட்டு இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து சூடான காற்று வந்தது. அதில் பாசி வாடை இருந்தது போல எனக்குப் பட்டது. ஒருவேளை கப்பலே அப்படித்தான் நாறியதோ என்னவோ.

அந்த நாட்டில் பிப்ரவரி கோடைகாலம்; வெயில் குறையவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை கடற்கரைக்கு நடந்துபோய், கப்பல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். அது நின்றுகொண்டுதான் இருந்தது. தங்கம் கிடைக்காமல் திரும்பிய சிலர் வயிற்றுப்பாட்டுக்காகச் சரக்கு இறக்க ஒப்புக்கொண்டபோது ஏப்ரல் பிறந்துவிட்டது.

முதல் பெட்டியை எங்கள் முற்றத்தில் உடைத்தோம். கன்றுகள் இருட்டிலேயே துளிர்விட்டிருந்தன. வெளிச்சமே காணாத நீண்ட வெள்ளைத் துளிர்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தொட்டதும் கையோடு வந்தன.

எபனேசர் ஒரு கன்றின் அடித்தண்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பட்டைக்குக் கீழே பச்சை தெரிந்தது.

"உயிர் இருக்கு ஐஸோ! பாரு, உயிர் இருக்கு!" என்று என்னைக் கூப்பிட்டார்.

அவர் அடுத்த பெட்டிக்குப் போனதும், அதே கன்றை ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே, ஆப்பிள் பகுதியில், சுரண்டிப் பார்த்தேன். பழுப்பு. இன்னொன்றையும் பார்த்தேன். அதுவும் பழுப்பு; ஆப்பிள் செத்திருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். மறுநாளும் அப்படியேதான்.

அறுநூறையும் நட்டோம். ஆற்றிலிருந்து நான்தான் தண்ணீர் சுமந்தேன். செத்த மரத்துக்கு ஊற்றுகிறோம் என்று தெரிந்தே ஊற்றினேன்.

செப்டம்பரில், வசந்தம் தொடங்கியதும், அவர் தோட்டத்திலிருந்து கத்தினார். ஓடினேன். வரிசை முழுக்கப் பச்சை. அவர் முகத்தைப் பார்த்து எனக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பிறகு குனிந்து பார்த்தோம். எல்லாத் துளிரும் மண்ணை ஒட்டி, ஒட்டுக்குக் கீழே, அடியிலிருந்த காட்டுச் செடியிலிருந்து கிளம்பியிருந்தது. சின்ன இலை, கூரான முள். அண்ணன் ஒட்டிய ஆப்பிள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"பெட்டி உடைச்ச அன்னிக்கே."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. முள் செடியின் முனையை விரலால் நிமிர்த்திவிட்டு, "அதுவும் பாவம், தண்ணி கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஆப்பிள் கன்று வேண்டுமென்று அந்த மாதமே நான்கு பேர் வந்து கேட்டார்கள். இல்லை என்று சொல்ல என்னையே வாசலுக்கு அனுப்பினார். அந்த வரிசைகளைப் பிடுங்கிப் போடவும் அவருக்குக் கை வரவில்லை. கோடை முழுவதும் அவை முள்ளும் இலையுமாக வளர்ந்துகொண்டே இருந்தன.